நெடி வராத மிளகாய்

பணியாரம் மறுபடியும் தும்மியது.

காகிதத்தை ஒரே இழுப்பில் கிழித்தால் வருமே, அந்தச் சத்தம். முயல் தும்மும் என்பதே ஆனி மாதத்துக்கு முன்னால் எனக்குத் தெரியாது. இப்போது அடுப்படியில் குக்கர் கத்திக்கொண்டிருந்தாலும் அந்தச் சத்தத்தை மட்டும் காது தனியாகப் பிரித்து எடுத்துவிடுகிறது.

"அக்கா, கேட்டுச்சா?" வாயில் பிரஷ்ஷோடு கொல்லையில் நின்றாள் சினேகா.

"கேட்டுச்சு."

"தூசியா இருக்கும்ல? ஒரு தும்மல்தானே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பிளஸ் ஒன் படிக்கிறவளுக்குக் காலையில் அந்த ஒரு சொல் போதும், சந்தோஷமாகப் பள்ளிக்கூடம் போய்விடுவாள். ஆனால் நான் எதையும் இரண்டு தடவை பார்க்காமல் சொல்ல மாட்டேன். இரண்டு தடவை பார்த்த பிறகும் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். கூண்டின் முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தேன்.

முன்னங்கால்களின் உள்பக்கம் ரோமம் ஈரமாகிச் சடை பிடித்திருந்தது. மூக்கைத் துடைத்துத் துடைத்து அப்படி ஆகும். இடது கண்ணின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. இமை பாதி ஒட்டியிருந்தது.

வைத்தியத்துக்காக விட்டிருந்த கால்நடை டாக்டரம்மா வீட்டிலிருந்து நேற்றுத்தான் அதைக் கூட்டி வந்தோம். அங்கே ஒரு தும்மல் கிடையாது, இரண்டு கண்ணும் கழுவிவைத்த நாவல்பழம் மாதிரி இருந்தன. எங்கள் கொல்லையில் ஒரு பொழுது இருந்ததற்கு இது.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். அவள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டாள் என்பது முந்தானையை இழுத்துச் செருகிய வேகத்திலேயே தெரிந்தது.

"ஆச்சு. நான் சொன்னது சொன்னதுதேன். ஞாயித்துக்கெழமை ஒங்க சித்தப்பா நாட்டரசன்கோட்டையில இருந்து வாராக. கூண்டோட ஏத்தி விட்டுர்றேன்."

"சித்தப்பா வீட்டுக்கா? அவுக போன தடவையே 'பணியாரத்துக்குக் குழம்பு வச்சா நல்லாருக்குமா, வறுத்தா நல்லாருக்குமா'ன்னு கேட்டாக!" சினேகாவின் வாயிலிருந்து பேஸ்ட் நுரை தெறித்தது.

"வெளாட்டுக்குக் கேட்டாக."

"அவுக வெளாட்டுக்குக் கேட்ட சேவல் எங்கம்மா?"

அம்மா கூண்டையே பார்த்தாள். கோபமாக இருந்தால் பரவாயில்லை. அவள் பயந்திருந்தாள். சித்திரைக்குப் பிறகு இந்த வீட்டில் எது உடம்புக்கு முடியாமல் படுத்தாலும் அம்மாவின் முகம் இப்படித்தான் ஆகிறது.

சித்திரையில்தான் அண்ணன் முத்துக்கண்ணன் போனான். அப்பாவோடு கொல்லையில் சண்டை. என்ன சண்டை என்று எங்கள் இரண்டு பேருக்கும் இதுவரை யாரும் சொல்லவில்லை. சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் போனான். அன்றிலிருந்து அவனுடைய போன் அணைந்தே கிடக்கிறது. அப்பா தேடவில்லை. அம்மா பேரைச் சொல்வதில்லை. ஆனால் இன்றைக்கும் மிளகாய் தாளிக்கும்போது அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு உண்டு. நெடி பட்டால் இருமுவான், இருமலின் கடைசியில் மெல்லிய விசில் போல ஒரு சத்தம் வரும். அவன் இல்லாத வீட்டில் கதவு மட்டும் பழக்கத்தில் சாத்திக்கொள்கிறது.

போவதற்கு முன்னால் அவன் தேவகோட்டை சந்தையிலிருந்து வாங்கி வந்ததுதான் இந்த முயல். வெள்ளை வெளேரென்று உப்பி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து சினேகா பணியாரம் என்று பேர் வைத்தாள். அவன் விட்டுப்போனதில் மூச்சு விடுகிற பொருள் இது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் இது தும்மலை நிறுத்த வேண்டும்.

*

டாக்டர் ரோகிணியின் கிளினிக் காரைக்குடியில், நான் சாயங்காலம் டேலி கணக்கு வகுப்புக்குப் போகிற தெருவிலேயே இருக்கிறது. கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டு அம்மாள் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஐயய்யோ, அழுகுதே!" என்றார்.

"என்ன தேவிகா, பணியாரம் ஊசிப்போச்சா?" என்றார் டாக்டர். சிரிப்பு கண்ணைப் பார்த்ததும் நின்றது.

அவர் அவசரப்பட மாட்டார். அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும். மூக்கைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். இடது கண்ணில் ஒரு சொட்டு மஞ்சள் மருந்து விட்டு, அறை விளக்கை அணைத்து, நீல வெளிச்சம் அடித்தார்.

கருவிழியின் நடுவில் ஒரு கீறல் பச்சையாக எரிந்தது. இருட்டில் அந்த ஒரு கண் மட்டும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

"புண்ணு. இது ஆழமாச்சுன்னா கண்ணைக் காப்பாத்த முடியாது, எடுக்க வேண்டி வரும்," என்றார் விளக்கைப் போட்டுக்கொண்டே. "வீட்டுல கண்ணுல ஏதாவது விட்டீங்களா?"

"போன மாசம் அம்மா தாய்ப்பால் விடலாமுன்னு எதுத்த வீட்டுல கேட்டாங்க. அந்த அக்கா சிரிச்சுட்டு மாட்டேன்னுட்டாங்க."

"நல்லவேளை." வாயைத் திறந்து சின்ன விளக்கால் உள்ளே பார்த்தார். "பல்லு வளைஞ்சு வேர் மேல ஏறினாலும் கண்ணுல தண்ணி வரும். பல்லு நல்லாத்தான் இருக்கு. கொய்யாப்பழம் மட்டும் இவ்வளவு குடுக்காதீங்க. இனிப்பு ஆகாது."

"கொய்யாப்பழமா?"

அவர் இடுக்கியின் நுனியைக் காட்டினார். அதில் ஒரு கொய்யா விதை.

நாங்கள் கொய்யா கொடுப்பதில்லை. அவர் முதல் தடவை சொன்னதிலிருந்து புல்லும் கீரையும்தான். சொல்ல வாயெடுத்தேன். சினேகா திருட்டுத்தனமாகக் கொடுத்திருந்தால்? தெரியாமல் எதற்குப் பேசுவது என்று விட்டுவிட்டேன்.

பிறகு கண்ணீர் போகிற குழாயைக் கழுவினார். கண்ணின் ஓரத்தில் நூல்போன்ற குழாயை வைத்து உப்புத்தண்ணீரை மெல்லச் செலுத்தினார். அது மூக்கு வழியாக வெளியே வந்தது. பஞ்சில் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சளியோடு சாம்பல் நிறத்தில் பொடி.

"இது என்ன தூசி? வைக்கோல் போடுறீங்களா?"

"இல்ல டாக்டர். துணிதான் விரிக்கிறோம். தெனம் மாத்துறேன். சாம்பிராணி போடுறதில்ல. நீங்க சொன்னதெல்லாம் செய்யிறேன். நான்தான் எங்கயோ தப்பு பண்றேன்னு நெனைக்கிறேன்."

"நீ தப்பு பண்ணல. கேளு. இதோட மூக்குக்குள்ள ஒரு கிருமி குடியிருக்கு. நிறைய முயலுக்கு உண்டு. அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும். சுத்தி இருக்கிற காத்து கெட்டா எந்திரிக்கும். அதை ஒரேயடியா விரட்ட மருந்து கிடையாது, அடக்கி வைக்கத்தான் முடியும். என் இடத்துல அடங்கிக் கிடந்துச்சு. உன் வீட்டுக்கு வந்ததும் எந்திரிச்சுருச்சு." பஞ்சை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். முகம் சுளித்தது. "பழைய சுண்ணாம்பு. வவ்வால் நாத்தம். நீ இதை எங்கம்மா வச்சிருக்க?"

"கொல்லையில. வெயில் படாத மூலை. காத்து நல்லா வரும். நீங்கதானே முயலுக்கு வெக்கை ஆகாதுன்னு சொன்னீங்க?"

"சொன்னேன்." அவர் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் காத்து எங்க இருந்து வருதுன்னு பாரு."

*

பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கேள்வி என் மடியில் கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது.

பள்ளத்தூரில் எங்கள் வீடு என்று நாங்கள் சொல்வது ஒரு பெரிய வீட்டின் வால்பகுதி. வீட்டுக்காரர்களான ஆச்சியும் பிள்ளைகளும் சென்னையில் இருக்கிறார்கள். முகப்பு மேற்குத் தெருவில். அங்கிருந்து வளவு என்கிற முற்றம், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீண்டு, கடைசியில் கிழக்குத் தெருவில் வந்து முடிகிற இரண்டு அறையும் கொல்லையும் எங்களுக்கு. வாடகை இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சாவிக்கொத்து அப்பாவிடம். வைகாசியில் உள்ளே ஓர் உத்தரம் இறங்கிவிட்டது, இனி யாரும் காலை வைக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அரிசி ஆலையில் வேலை முடிந்து வரும்போது முகப்பில் விளக்கைப் போடுவதற்கு அவர் மட்டும் அந்தப் பக்கம் போய்வருகிறார்.

பூட்டிய வீட்டுக்கும் எங்கள் கொல்லைக்கும் நடுவில் ஒரே ஒரு திறப்பு. முழங்கால் உயரத்தில் கம்பி போட்ட சாளரம். பணியாரத்தின் கூண்டு அதை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கேதான் குளுகுளுவென்று காற்று வருகிறது.

போன வருஷம் கொல்லை வெயிலில் வடகம் காயப்போட்டோம். காவலுக்கு இதே மூலை நிழலில் உட்கார்ந்திருந்த எனக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி வெந்தேன். அப்போதும் சாளரம் இருந்தது. காற்று இல்லை.

அந்தப் பக்கம் எல்லாம் பூட்டியிருந்தால் காற்று எப்படி வரும்?

வீட்டுக்குப் போனதும் கூடையை அறைக்குள் வைத்துவிட்டுச் சாளரத்தின் கம்பியில் விரலை இழுத்துப் பார்த்தேன். சாம்பல் நிறப் பொடி. அதே நாற்றம். முந்தாநாள்தான் அதைத் துடைத்திருந்தேன். துடைத்தேனா? துடைத்தேன், துணி இன்னும் கொடியில் கிடக்கிறது.

கம்பியில் பணியாரத்தின் ரோமம் ஒரு கொத்து சிக்கியிருந்தது. மேற்கிலிருந்து ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம். ரோமம் என்னைப் பார்த்து ஆடியது. கொஞ்ச நேரம் நின்றது. மறுபடி ஆடியது. யாரோ மெதுவாக ஊதி ஊதி விடுவதுபோல.

உள்ளே பார்த்தேன். இருட்டு. கண் பழகப் பழகத் தரைக்கல் தெரிந்தது, ஒரு தூணின் அடி தெரிந்தது. தரையெல்லாம் தூசி போர்வையாகக் கிடந்தது. சாளரத்துக்கு நேரே மட்டும் ஆள் உட்கார்ந்து எழுந்த அகலத்துக்குத் தூசி இல்லை.

எலியாக இருக்கலாம், வவ்வால் விழுந்து புரண்டிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எலி இவ்வளவு அகலமாக உட்காராது என்றும் சொல்லிக்கொண்டேன்.

பின்னால் 'தொப்' என்று சத்தம். திரும்பினேன். பணியாரம் கூடையைத் தள்ளித் திறந்துகொண்டு வந்திருந்தது. ஒட்டிய கண்ணோடு, தும்மிக்கொண்டே, தத்தித் தத்தி என்னைத் தாண்டிப் போய்ச் சாளரத்தின் அடியில் காதை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டது. தூக்கி உள்ளே விட்டேன். மறுபடி வந்தது. எந்தக் காற்று அதற்கு ஆகாதோ அந்தக் காற்றைத் தேடியே போனது.

*

சினேகா வந்ததும் முதலில் கேட்டேன். "நீ அதுக்குக் கொய்யா குடுத்தியா?"

"ஆத்தாடி! டாக்டர் திட்டுவாகன்னு ஒரு கேரட்டுகூட நான் குடுக்கல." அவள் யோசித்தாள். "அண்ணன் மட்டும்தான்க்கா கொய்யா குடுக்கும். பல்லால கடிச்சுக் கடிச்சு ஊட்டும்."

அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"அக்கா," சினேகா குரலைத் தாழ்த்தினாள். "நேத்து தண்ணி வைக்கப் போனேன். கூண்டுக்குள்ள ஒரு கொய்யாத் துண்டு கெடந்துச்சு. நீதான் போட்டேன்னு நெனச்சேன். நீ போடலையா?"

"போடல."

நாங்கள் இரண்டு பேரும் சாளரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தோம்.

"அண்ணன் நல்லாத்தானே இருக்கும்?" என்றாள் சினேகா. "எங்கயாச்சும் உசுரோட..."

"சினேகா!" அம்மா வாசற்படியில் நின்றாள். ஈரக்கையில் உப்பும் மிளகாயும் இருந்தன. "வாயக் கழுவு. அந்தி நேரத்துல என்ன பேச்சு இது? முயலத் தூக்கிட்டு வா."

"எதுக்கும்மா?"

"சுத்திப் போடுறதுக்கு. மருந்து மாத்திரையில கேக்கல. ஊருக் கண்ணு பூரா இதுமேலதேன் இருக்கு. அந்தக் கருவாட்டுக்காரி தெனமும் நின்னு, 'கொழுகொழுன்னு இருக்கே'ங்குறா."

"அம்மா, டாக்டர் புகையே கூடாதுன்னு சொன்னாங்க. மிளகாய நெருப்புல போட்டா அதோட மூச்சு என்னத்துக்கு ஆகும்? நீயே தாளிக்கிறப்பக் கதவச் சாத்துற..."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மாவின் முகம் ஒரு நொடி வெறுமையானது.

"சரி. சுத்திட்டு அங்குட்டுத் தூக்கிட்டுப் போயிருங்க. நெருப்பு நான் பாத்துக்கிறேன்."

அம்மா பணியாரத்தின் தலையைச் சுற்றினாள். வாய் ஏதோ முணுமுணுத்தது. ஊர்க்கண், உறவுக்கண், வழிப்போக்கர் கண் எல்லாம் சொன்னாள். கடைசியில் சத்தம் வராமல் ஒரு பேரைச் சொன்னாள் என்று எனக்குத் தோன்றியது. பணியாரத்துக்கு மட்டும் சுற்றவில்லை அவள். சினேகா முயலைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வாசல் பக்கம் தெருவுக்கே ஓடினாள்.

கரிச்சட்டியில் நெருப்பு கனன்றுகொண்டிருந்தது. அம்மா அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கூண்டு இருந்த மூலையில், சாளரத்தின் அடியில் வைத்தாள். "சீக்கு எங்க இருக்கோ அங்கதேன் போடணும்."

கையிலிருந்ததை நெருப்பில் கொட்டினாள்.

உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் கறுத்துச் சுருண்டு புகைந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு, இருமலுக்குத் தயாராகக் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றேன்.

ஒன்றும் வரவில்லை.

கையை எடுத்து மெல்ல மூச்சு இழுத்துப் பார்த்தேன். கரி வாசனை மட்டும். இவ்வளவு மிளகாய்க்குத் தெருவே இருமியிருக்க வேண்டும்.

"பாத்தியா!" அம்மாவின் கண்ணில் நீர் நின்றது. நெடியால் வந்த நீர் இல்லை. "கண்ணு இல்லைன்னா நெடி அடிச்சிருக்கணும்ல? ஒரு பொட்டு நெடி வரல பாரு. எம்புட்டுக் கண்ணு! அம்புட்டும் எரிஞ்சு போச்சு."

மிளகாய் போட்டு நெடி வரவில்லை என்றால் அது திருஷ்டி. எங்கள் தெருவில் இதைப் பற்றி யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. எனக்கும் இருந்ததில்லை. ஆனால் நான் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்ந்ததும் காற்று திரும்பிவிடும். கடல் பக்கத்திலிருந்து கீழ்காற்று வரும். அது கொல்லை வழியாக வந்து, கரிச்சட்டிப் புகையைத் தரையோடு தள்ளிக்கொண்டுபோய்ச் சாளரத்துக்குள் விட்டது. ஒரு இழைகூட வெளியே சிதறவில்லை. கயிறாகத் திரண்டு, கம்பிகளுக்கு நடுவில் நுழைந்து, இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே யாரோ வாய் திறந்து உறிஞ்சுவதுபோல.

மூடிய சொம்புக்குள் காற்று போகாது. அந்தக் கோடியில் ஏதோ ஒரு கதவோ ஜன்னலோ திறந்து கிடந்தால்தான் இப்படிப் போகும்.

"அம்மா, இங்க பாரேன்..."

அப்போதுதான் அது கேட்டது.

தூரத்தில், சுவர்களுக்கு உள்ளே. முதலில் தொண்டையை அடக்கிக்கொள்கிற சத்தம். பிறகு அடக்க முடியாமல் ஒரு இருமல். இன்னொன்று. வாயைத் துணியால் அழுத்திக்கொண்டு இருமுவதுபோல.

அம்மாவின் கை காற்றில் நின்றது.

நான் அவளைப் பார்த்தேன். அவள் சாளரத்தைப் பார்க்கவில்லை. நெருப்பையே பார்த்தாள். உதடு வெளுத்துப்போயிருந்தது.

"கேட்டுச்சாம்மா?"

"வவ்வாலு," என்றாள்.

"வவ்வால் இருமுமா?"

"வெளக்கு வைக்கிற நேரம். உள்ள வா." அவள் கரிச்சட்டியை அப்படியே விட்டுவிட்டு ஏறக்குறைய ஓடினாள். சாமி மாடத்தில் தீப்பெட்டி உரசுகிற சத்தம் கேட்டது. ஒரு குச்சியும் பற்றவில்லை.

நான் தண்ணீர் ஊற்றி நெருப்பை அணைத்தேன். என் காதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அந்த இருமலின் கடைசியில் விசில் இருந்ததா? இருந்த மாதிரியும் இருந்தது. கனன்ற கரியில் தண்ணீர் பட்டு எழுந்த சீறல்கூடக் காதில் அப்படித் தங்கியிருக்கலாம்.

*

கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார். வண்டியை நிறுத்தினார். டிபன் கேரியரை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். கனமான அடுக்குக் கேரியர் அது. ஆலையில் புதிதாகச் சேர்ந்த ஓர் ஆளுக்கும் சேர்த்து வைக்கச் சொல்லியிருந்தார்.

"அரிசி ஆலையில அப்புடி யாருதேன் அந்தப் புது ஆளு? ஒரு பருக்கை மிச்சம் வைக்காம திங்குறாரே," என்றாள் அம்மா. குரலில் இன்னும் நடுக்கம் இருந்தது.

"பாவம், ஆளில்லாதவன்," என்றார் அப்பா.

அவர் கண்ணைப் பார்த்தேன். இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து, ஓரத்தில் நீர் கட்டியிருந்தது. தோள் துண்டால் மூக்கைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"கண்ணு என்னங்க இப்புடிச் செவந்திருக்கு?"

"வண்டியில வாரப்ப தூசி அடிச்சிருச்சு."

எனக்கு நெஞ்சில் கட்டியிருந்தது இறங்கியது. அப்பாதான். முகப்பில் விளக்குப் போடப் போயிருக்கிறார், கதவைத் திறந்திருக்கிறார், மிளகாய்ப்புகை அவர் முகத்தில் அடித்திருக்கிறது, இருமியிருக்கிறார். இவ்வளவுதான் விஷயம். தினமும் அவர் திறந்துவைக்கிற காற்றுதான் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து முயலின் மூக்கில் கொட்டுகிறது. தரையில் தூசி இல்லாத இடமும் அவர் உட்கார்ந்த இடமாக இருக்கும். கொய்யா மட்டும் இந்தக் கணக்கில் சேரவில்லை. அதைப் பிறகு யோசிக்கலாம்.

யாரிடமும் எதையும் கேட்காமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருந்தது. அம்மா அடுப்படியில் மிக்ஸியைப் போட்டாள். நான் கொல்லைக்குப் போய்க் கூண்டைத் தூக்கினேன்.

சினேகா பணியாரத்தை மடியில் வைத்துக்கொண்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் கொடுத்த சொட்டுமருந்தை அதன் கண்ணில் விட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கக்கா கொண்டுபோற?"

"உள்ள. மின்விசிறிக்கு அடியில வச்சுக்குவோம். இந்த மூலை வேண்டாம். ஞாயித்துக்கெழமைக்குள்ள தும்மல் நின்னுரும்."

அப்பா பின்னால் வந்து நிற்பதை நான் கவனிக்கவில்லை.

"கூண்டை எங்குட்டுத்தா தூக்குற?"

"டாக்டர் சொன்னாங்கப்பா. இந்தச் சாளரத்துல வர்ற காத்து ஆகலையாம். இடது கண்ணுல புண்ணு. இன்னும் கொஞ்சம் போனா கண்ணையே எடுக்கணுமாம்."

அப்பா சினேகாவின் மடியைப் பார்த்தார். குனிந்து பணியாரத்தின் நெற்றியை ஒரு விரலால் தடவினார். மூடிய இமையின் மேல் விரல் நின்றது. மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. அவர் எதையோ எடுத்துவைப்பதா விட்டுவிடுவதா என்று எடை போடுவதுபோல் நின்றார்.

"எடுக்காதத்தா. அது இங்கதேன் இருக்கணும்," என்றார். "இது இங்க இருந்தாத்தேன்..." நிறுத்திக்கொண்டார். பிறகு, "நாளையில இருந்து அங்குட்டு இருந்து காத்து வராது."

"எப்படிப்பா வராது?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வராதுன்னா வராது. நான் அடைச்சுர்றேன்."

அடுப்படியில் மிக்ஸி நின்றது.

அந்த அமைதியில், சாளரத்துக்குப் பின்னால், இந்தத் தடவை தூரத்தில் இல்லை, கம்பிக்கு மிக அருகில், ஒரு இருமல் கேட்டது. இழுத்து, அடக்கி, உடைந்த இருமல். கடைசியில் மெல்லிய விசில்.

அப்பா என் எதிரில்தான் நின்றார். அவர் உதடு அசையவில்லை.

சினேகாவின் கையிலிருந்த மருந்துக் குப்பி கல்லில் விழுந்து உருண்டது.

அடுத்த நொடி அப்பா இருமினார். வராத இருமலை வரவழைத்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, பலமாக. இரண்டு சத்தத்துக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கையில் மிக்ஸி மூடி இருந்தது. அதிலிருந்து சட்னி அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாருங்க அது இருமுனது?"

"நாந்தேன்," என்றார் அப்பா. "மிளகா நெடி."

அம்மா அவரையே பார்த்தாள். எங்கள் மூன்று பேரையும் தாண்டிச் சாளரத்தைப் பார்த்தாள். பிறகு மிகவும் மெதுவாகச் சொன்னாள்:

"இங்குட்டு நெடியே வரலையேங்க."

சினேகாவின் மடியில் பணியாரம் எழுந்து உட்கார்ந்தது. அதன் ஒரு காது அப்பா பக்கம் திரும்பியது. இன்னொரு காது சாளரத்தை விட்டு அசையவில்லை.